மோர்பினுக்குப் பின் வந்த வாந்தி: தோட்டத்துத் தாயொருவருக்கு மருந்து தேர்ந்த வழியும் தவறிய இடங்களும்

## எழுதுவதற்கான காரணம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்த 61 வயதுத் தாயின் சிகிச்சைப் பதிவு இது. மகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, நாள் கணக்கு எதையும் மாற்றவில்லை.

மோர்பின் தொடங்கிய மூன்றாம் நாளே அவருக்கு வாந்தி வந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் நான்கு வாந்தி மருந்துகள் மாறின. அவற்றில் மூன்றாவதை எழுதியவன் நான். அவருக்கு அதிகத் தொல்லை கொடுத்ததும் அதுதான்.

## பின்னணி

நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்றார். பிறகு இடுப்பிலும் வலது தொடைமூட்டிலும் வலி தொடங்கியது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. பரசிட்டமோலும், நாளுக்கு மூன்று வேளை 50 மி.கி. டிரமடோலும் (மோர்பினை விட வலுக் குறைந்த வலிமருந்து) கொடுத்தும் இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. போதாததற்கு டவுன் பார்மசியில், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிமருந்தான டைக்ளோபெனாக் வாங்கிச் சில மாதங்களாக விழுங்கி வந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கிளினிக்கில் டிரமடோலை நிறுத்தி வாய்வழி மோர்பின் தொடங்கினார்கள்: நான்கு மணிக்கொரு முறை 5 மி.கி., இரவு படுக்கும்போது 10 மி.கி. வலிக்கு இது சரியான முடிவு. ஆனால் சீட்டில் மலமிளக்கி இல்லை. முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், வந்தாலும் பெரும்பாலும் தானாகத் தணியும் என்று யாரும் சொல்லி அனுப்பவுமில்லை.

வீட்டு நிலைமை இந்த நிகழ்வுக்கு முக்கியம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கடைசி வீடு. கழிவறை கீழே, ஏறக்குறைய இருபது படி இறங்க வேண்டும். தென்மேல் மழைக் காலம், படியெல்லாம் பாசி. தொடைமூட்டு வலியோடு இரவில் இறங்கப் பயந்து அவர் தண்ணீரைக் குறைத்துவிட்டார். காலையில் ஒரு பிளேன்டீ, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். மோர்பின் இல்லாவிட்டாலும் மலம் கட்டியிருக்கக்கூடிய நிலை.

மகள் குளிசைகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருந்தார். 10 மி.கி. குளிசையைச் சவர பிளேடால் பாதியாக வெட்டுவாராம். சிலது உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை வீணாக்க மனமில்லாமல் அடுத்த வேளைப் பாதியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆக, ஒரு வேளைக்கு 5 மி.கி. என்று நாங்கள் எழுதிய கணக்கு சில வேளைகளில் ஏழாகவும் எட்டாகவும் இருந்திருக்கலாம்.

## முதல் ஏழு நாட்கள்

நாள் 1, 2: வலி பாதிக்கு மேல் குறைந்தது. பல மாதங்களுக்குப் பின் ஐந்து மணித்தியாலம் தொடர்ச்சியாகத் தூங்கினார்.

நாள் 3: காலையில் ரொட்டி சாப்பிட்ட சற்று நேரத்தில் வாந்தி. அன்று மூன்று முறை. தோட்டத்து டிஸ்பென்சரியில் டொம்பெரிடோன் 10 மி.கி. மூன்று வேளைக்குக் கொடுத்தார்கள். அங்கே இருந்த வாந்தி மருந்து அது ஒன்றுதான். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

நாள் 5: மருமகன் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கூட்டி வந்தார். வழியில் ஒவ்வொரு பெரிய வளைவிலும் அந்தத் தாய் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வெளிநோயாளர் பிரிவில் அன்று தமிழ் தெரிந்த ஊழியர் இல்லை. மருமகன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் “வமனெ” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்து ஒண்டான்செட்ரோன் 4 மி.கி. ஊசியும், 4 மி.கி. குளிசை இரு வேளைக்கும் எழுதப்பட்டன. டொம்பெரிடோன் நிறுத்தப்படவில்லை. மலம் போய் ஐந்து நாளாயிற்று என்பது அந்த உரையாடலில் வரவேயில்லை. ஒண்டான்செட்ரோனே மலத்தை இறுக்கும் மருந்து.

அன்றிரவு அவர் மோர்பினைத் தானாகவே நிறுத்தினார். “மருந்து சூடு, பித்தத்தைக் கெளப்பிருச்சு” என்பது அவர் முடிவு.

நாள் 7: வலி பழையபடி. வாந்தியும் நிற்கவில்லை. ஈரப்பசையற்ற நாக்கோடு எங்கள் வாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

## அனுமதித்தபோது கண்டவை

வலி பத்துக்கு எட்டு. நாடித்துடிப்பு 104. வயிறு சற்று உப்பியிருந்தது, அழுத்தினால் கடும் வலியில்லை. குடல் ஒலி மெதுவாகக் கேட்டது. மலக்குடல் பரிசோதனையில் கல்லாய்க் கிடந்தது மலம். வயிற்று எக்ஸ்ரேயில் குடல் முழுதும் மலம், அடைப்புக்கான அறிகுறி இல்லை.

இரத்தத்தில் கிரியேட்டினின் லீட்டருக்கு 118 மைக்ரோமோல், அதாவது சிறுநீரக வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 மி.லீ., இது குறைவு. பொட்டாசியம் 3.1, அதுவும் குறைவு. கல்சியம் 2.3, அல்புமின் 30, திருத்திப் பார்த்தால் 2.5. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில் வாந்தி, மலச்சிக்கல், தாகம், சோர்வு எல்லாம் சேர்ந்து வந்தால் கல்சியத்தைப் பார்க்காமல் மோர்பினைக் குறை சொல்லக்கூடாது. இவருக்குக் கல்சியம் கூடியிருக்கவில்லை. ஈ.சி.ஜி.யில் திருத்திய க்யூ-டி இடைவெளி 468 மில்லிசெக்கன், சற்று நீண்டது. இதயத்துடிப்பின் மின் அளவு அது; அதிகம் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம். டொம்பெரிடோன், ஒண்டான்செட்ரோன் இரண்டுமே க்யூ-டியை நீட்டக்கூடியவை. வாந்தியால் பொட்டாசியமும் இறங்கியிருக்கும்போது அவை இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

மூளைக்குப் பரவியிருக்குமோ என்றும் பார்த்தோம்: தலைவலி இல்லை, கைகால் பலவீனம் இல்லை, கண்ணின் பின்புறம் பார்த்ததில் வீக்கமில்லை.

வீட்டார் சொன்னவற்றில் எங்களுக்கு அதிகம் உதவியது மகள் சொன்ன ஒரு வரி: “மோர்பினை நிப்பாட்டி ரெண்டு நாளாச்சுங்க ஐயா, ஆனா வாந்தி நிக்கல.” மோர்பின் மட்டுமே காரணமென்றால் இரண்டு நாளில் தணிந்திருக்க வேண்டும். தொடக்கி வைத்தது மோர்பின்தான். இப்போது தள்ளிக்கொண்டு போவது வேறொன்று, பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும் குடல்.

## மோர்பின் வாந்தியின் மூன்று வழிகள்

எந்த மருந்தை ஏன் எடுத்தோம் என்பது புரிய இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வழி இரத்தத்தில் கலந்திருக்கும் இரசாயனம். மூளையின் நான்காம் அறையின் தரையில் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடைக்கு வெளியே ஒரு சிறு பகுதி உண்டு. இரத்தத்தில் வேண்டாதது கலந்தால் முதலில் மணியடிப்பது அது. மோர்பின் அதைத் தூண்டும். அங்கே டோபமின் ஏற்பிகளுக்குப் பெரிய பங்கு இருப்பதால் ஹலோபெரிடோல் போன்றவை வேலை செய்கின்றன. இந்த வகைக் குமட்டல் சாப்பாடு, அசைவு என்று பார்க்காமல் நாள் முழுக்க இருக்கும்.

இரண்டாவது வழி வயிறும் குடலும். மோர்பின் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குடலை மந்தமாக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு முட்டும். பிறகு ஒரே பெரிய வாந்தி, அதில் சாப்பிட்டது அப்படியே வரும், வந்ததும் சுகமாக இருக்கும். இதற்கு இரைப்பையைத் தள்ளிவிடும் மெட்டோகுளோப்ரமைட் அல்லது டொம்பெரிடோன். குடலில் முழு அடைப்பு இருந்தால் இவை கூடாது.

மூன்றாவது வழி உட்காதின் சமநிலை உறுப்பு. மோர்பின் அதைக் கூருணர்வாக்கிவிடும். படுத்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்தால், தலையைத் திருப்பினால், வண்டியில் ஏறினால் வரும். இதற்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள்: சைக்ளிசின், புரோமெதசின் முதலியவை.

இந்த மருந்துகளில் எது எல்லாவற்றிலும் சிறந்தது என்று காட்டும் வலுவான ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. வரும் முன்பே கொடுத்துத் தடுத்துவிடலாம் என்ற எண்ணமும் உறுதிப்படவில்லை. ஜப்பானில் 120 புற்றுநோயாளரிடம் மோர்பின் வகை வலிமருந்தான ஒக்சிகோடோனோடு சேர்த்து, வாந்தி மருந்தான புரோகுளோர்பெரசின் கொடுத்துப் பார்த்த சோதனை 2018இல் வெளியானது. மருந்தில்லாத வெறுங்குளிசையை விட அது மேலாக இருக்கவில்லை. ஆக, கையிலிருக்கும் நம்பகமான கருவி நோயாளியின் வாய்ச்சொல்தான். அதைத்தான் நான் அரைகுறையாகக் கேட்டேன்.

## முதல் முடிவுகள், நாள் 7 முதல் 9 வரை

டொம்பெரிடோன், ஒண்டான்செட்ரோன், டைக்ளோபெனாக் மூன்றையும் நிறுத்தினோம். சேலைனும் பொட்டாசியமும் ஏற்றினோம். எனிமா கொடுத்து, மலமிளக்கிகளாக இரவில் பிசகோடில் 10 மி.கி., இரு வேளை லக்டுலோஸ் 15 மி.லீ. தொடங்கினோம். மறுநாள் காலையும் ஒரு எனிமா தேவைப்பட்டது. அன்று மத்தியானம் நிறையப் போனது. மாலையில் முதல்முறையாகக் கஞ்சி கேட்டார்.

மோர்பினைக் கைவிடவில்லை. டிரமடோலுக்குத் திரும்பலாமா என்ற பேச்சு வந்தது. வலி அதற்கு அடங்காது என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான், டிரமடோலும் குமட்டலை உண்டாக்கும். மோர்பின் உடலில் மாறி உண்டாகும் பொருட்கள் சிறுநீரகத்தால் வெளியேறுபவை. வடிகட்டும் வேகம் 45 ஆக இருக்கும்போது அவை தேங்கிக் குமட்டலையும் தூக்கத்தையும் கூட்டும். அதனால் 2.5 மி.கி., ஆறு மணிக்கொரு முறை என்று தொடங்கினோம். கால் குளிசை வெட்ட முடியாது. 10 மி.கி. குளிசையை 10 மி.லீ. நீரில் கரைத்து, ஊசிக்குழலால் 2.5 மி.லீ. எடுத்துக் கொடுக்கும் முறையைத் தாதி உத்தியோகத்தர் மகளுக்குக் காட்டினார். உடனே கரையும் சாதாரண குளிசைக்குத்தான் இது பொருந்தும். மெதுவாக வெளிவிடும் மோர்பின் குளிசையை உடைக்கவோ கரைக்கவோ கூடாது. நீண்ட நேரத்துக்கான மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

இனி நான் எழுதிய மருந்து. “வாந்தி எத்தனை தடவை? சாப்பிட்ட பிறகா, முன்னாலா? வந்ததும் சுகமா இருக்கா?” என்று கேட்டேன். சாப்பிட்ட பிறகு, ரொட்டி அப்படியே வருது, வந்ததும் சுகம் என்றார். இரைப்பை மந்தம் என்று முடிவு கட்டினேன். அடைப்பில்லை என்பது எக்ஸ்ரேயில் தெளிவு. மெட்டோகுளோப்ரமைட் 10 மி.கி., மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்.

மருந்தின் வகை தவறல்ல. அளவு தவறு. சிறுநீரக வடிகட்டல் 60க்குக் கீழே இருந்தால் மெட்டோகுளோப்ரமைட்டைப் பாதியாக்க வேண்டும். மோர்பினுக்காக அந்த 45ஐக் கணக்கில் எடுத்த அதே பேனா, இரண்டு வரி கீழே அதை மறந்துவிட்டது. வாந்தி மருந்தை யாரும் ஆபத்தான மருந்தாக நினைப்பதில்லை, நானும்தான்.

நாள் 9 மாலை: பெரிய வாந்தி நின்றுவிட்டது. அட்டையில் “முன்னேற்றம்” என்று எழுதினேன்.

## பத்தாம் நாள் இரவு

இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் கட்டிலில் இருக்கவில்லை. தொடைமூட்டு வலியால் ஒரு வாரமாக நடக்கத் தயங்கிய மனுசி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தார், விடியற்காலைக் குளிரில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர்களைப் போல. உட்காரச் சொன்னால் உட்காருவார். அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரி, மருமகனோடு ஏதோ சண்டையாக்கும் என்று மெல்லச் சொன்னாராம்.

இரவுக் கடமை வைத்தியர் இரண்டு காரணங்களை எண்ணினார்: வலி கூடியிருக்கலாம், அல்லது மனப்பதற்றம். மோர்பின் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தார். அரை மணியில் மாற்றமில்லை. டயசிபாம் 5 மி.கி. எழுதினார். விடியும் நேரம் கொஞ்சம் தூங்கினார்.

காலைச் சுற்றில் நானும் “பதற்றம்” என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகவிருந்தேன். நோயின் கட்டம் அப்படி, யாருக்கும் பதற்றம் வரும். அப்போது தாதி உத்தியோகத்தர் கேட்டார்: “இந்தம்மா வந்த அன்னைக்கு இப்படி இல்லையே. நேத்திலிருந்துதானே?” நான் திரும்பிப்போய்க் கேட்டேன். மனதில் ஏதும் பயமா அம்மா?

“பயமெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா. இந்தக் காலு ரெண்டையும் ஒரு எடத்துல வைக்க முடியல. உள்ளுக்குள்ள எறும்பு ஊர்றாப்புல. நடந்தா தேவலையா இருக்கு.”

மனம் அமைதியாக இருக்கிறது, கால் மட்டும் இருக்க மறுக்கிறது. மூளைக்குள் டோபமினைத் தடுக்கும் மருந்துகள் தரும் அமைதியின்மை இது. மெட்டோகுளோப்ரமைட் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் அதை நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் வேண்டாம், ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது இத்தகைய நரம்புத் தொல்லைகளால்தான். பாதியளவு போதுமாயிருந்தவருக்கு நான் அந்த உச்ச அளவைக் கொடுத்திருந்தேன். மோர்பின் தேங்கினாலும் உடல் துள்ளும். ஆனால் அது திடீர் வெட்டு வெட்டாய் வரும், கூடவே மயக்கமும் ஊசிமுனைக் கண்மணியும் இருக்கும். இவர் முழு விழிப்போடு இருந்தார். கண்மணியும் அப்படிச் சுருங்கியிருக்கவில்லை.

டயசிபாம் இந்தத் தொல்லையைக் கொஞ்சம் தணிக்கும். அதனால்தான் அவர் தூங்கினார். அந்தத் தூக்கத்தைப் பார்த்து “பதற்றம்தான், சரியாகிவிட்டது” என்று நாங்கள் முடித்திருந்தால் மெட்டோகுளோப்ரமைட் தொடர்ந்திருக்கும்.

காலை 9 மணி வேளையிலிருந்து அதை நிறுத்தினோம். அன்றிரவு பாதித் தூக்கம். நாள் 12 மதியத்துக்குள் கால்கள் அடங்கின.

## இரண்டாம் முறை கேட்டது

மெட்டோகுளோப்ரமைட் போனதும் கேள்வி திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தது. குடல் இளகிவிட்டது, பெரிய வாந்தி இல்லை. ஆனாலும் நாளுக்கு ஐந்தாறு முறை ஓங்கரிப்பு இருந்தது. வழக்கமாக எங்கள் கை போகும் அடுத்த மருந்து ஹலோபெரிடோல், இரவில் 0.5 முதல் 1.5 மி.கி. வரை. இவருக்கு அதைக் கொடுப்பது அவிந்த அடுப்பை ஊதிவிடுவது போல. அதுவும் டோபமின் தடுப்பியே, க்யூ-டியையும் நீட்டும். புரோகுளோர்பெரசினுக்கும் அதே தடை.

நாள் 11 பின்னேரம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாந்தி என்ற சொல்லையே எடுக்காமல், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்ன நடந்தது சொல்லுங்கம்மா என்றேன். மகளும், தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் வாட்டுச் சிற்றூழியப் பெண்ணும் பக்கத்தில் இருந்தார்கள்.

அவர் வாந்தி என்று சொல்லவில்லை. படுத்திருந்தா ஒண்ணுமில்ல என்றார். கக்கூசுக்குப் போக எழுந்தால் “கிறுகிறுன்னு வருது, வாயில எச்சி ஊறுது, அப்புறந்தான் ஓங்கரிக்குது.” வயிறு முட்டா இருக்கா என்று சிற்றூழியர் கேட்டார். “இல்ல புள்ள, அது வெளிக்குப் போனதோட போயிருச்சு.” மகள் சேர்த்துக்கொண்டார்: வீட்டில் படி இறங்கும்போது இரண்டு முறை நின்று ஓங்கரித்ததும், முச்சக்கர வண்டியில் வளைவுக்கு வளைவு நிறுத்தியதும் இதே மாதிரிதான். சின்ன வயசில் பஸ்ஸில் கண்டிக்குப் போனால்கூட அம்மாவுக்கு முன்சீட்டு வேண்டும்.

குமட்டல், ஓங்கரிப்பு, கிறுகிறுப்பு, வயிறு முட்டு. நான்கு சொல், நான்கும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன. ஐந்தாம் நாள் வெளிநோயாளர் பிரிவில் இவை ஒரே சிங்களச் சொல்லாகச் சுருங்கின. ஏழாம் நாள், தாய்மொழி தமிழாயிருந்தும், நான் எண்ணிக்கை கேட்டுச் சுருக்கினேன். தொடக்கத்திலிருந்தே இரண்டு வழிகள் சேர்ந்து ஓடியிருக்கின்றன. ஒன்றை மட்டும் கேட்டு ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தோம்.

எழுந்து நின்றபோது இரத்த அழுத்தம் பார்த்தோம், குறிப்பிடத்தக்க இறக்கமில்லை. தலையை இருபக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னபோது இரண்டாம் திருப்பத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கினார்.

## நான்காவது மருந்து

சைக்ளிசின் எங்களிடம் இருக்கவில்லை. புரோமெதசின் 25 மி.கி. குளிசை இருந்தது. அதில் பாதி, இரவில் மட்டும், நாள் 12 முதல்.

தயக்கங்கள் மூன்று இருந்தன. அது தூக்கத்தைத் தரும், மோர்பினோடு சேர்ந்தால் அதிகம் தரும். அதனால்தான் பாதியும், இரவு மட்டுமே என்பதும். குடலை இன்னும் மந்தமாக்கும், எனவே மலமிளக்கியில் ஒரு வேளைகூட விடக்கூடாது. அதற்கும் சிறிதளவு டோபமின் தடுப்பு உண்டு, எனவே கால்களைத் தினமும் கேட்டுப் பார்க்க வேண்டும். மெட்டோகுளோப்ரமைட்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது இந்த இடத்தில் வசதியானது. ஒன்று இரைப்பையைத் தள்ளும், மற்றது அந்தத் தள்ளலைத் தடுக்கும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது.

பொட்டாசியம் 3.9, க்யூ-டி 441 என்று சரியான பிறகே தொடங்கினோம்.

## பின்னர் நடந்தது

நாள் 13: ஓங்கரிப்பு ஒருமுறை. கிரியேட்டினின் 90க்கு இறங்கியிருந்ததால் மோர்பினை நான்கு மணிக்கொரு முறை 5 மி.கி.க்கு உயர்த்தினோம். நாள் 14: பாதி ரொட்டியும் சம்பலும். நாள் 15: வலி பத்துக்கு மூன்று, தினமும் மலம் போகிறது. வீட்டுக்கு அனுப்பினோம்.

நாள் 19: தொடைமூட்டு வலிக்கு ஒரே தடவைக் கதிர்வீச்சுக்காகக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கும் பாதை. புறப்பட ஒரு மணி முன் பாதிப் புரோமெதசின், கொஞ்சம் கஞ்சி, வானில் முன்சீட்டு, தலையை அசைக்காமல் தூரத்தைப் பார்த்தபடி இருக்கச் சொன்னோம். கினிகத்தேனை இறக்கத்தில் ஒருமுறை ஓங்கரித்தார். வாந்தி வரவில்லை. அந்தப் பயணத்திலேயே தலைக்கு ஸ்கேனும் எடுக்கப்பட்டது, மூளையில் பரவல் இல்லை. கிறுகிறுப்புக்கு அது காரணமாயிருக்குமோ என்ற சந்தேகம் அதுவரை எனக்கு இருந்தது.

நாள் 21: புரோமெதசினை நிறுத்தினோம். குமட்டல் திரும்ப வரவில்லை.

இதை மருந்தின் வெற்றி என்று எழுத எனக்குத் துணிவில்லை. மோர்பின் குமட்டல் பெரும்பாலானோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே பழகிப் போகும். மோர்பினை மீண்டும் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அவர் தேறிய நாளும் அந்தக் கணக்குக்குள்தான் விழுகிறது. இடையில் சிறுநீரகமும் தேறியது, குடலும் இளகியது. உடம்பு மலச்சிக்கலுக்கு மட்டும் பழகிக்கொள்ளாது. மோர்பின் உள்ளவரை பிசகோடிலும் வேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினோம்.

அதன்பின் ஏறக்குறைய நான்கு மாதம் வலி பெருமளவு கட்டுக்குள் இருந்தது. மோர்பின் நான்கு மணிக்கொரு முறை 10 மி.கி. வரை உயர்ந்தது. அளவு கூட்டிய நாட்களிலும் வாந்தி வரவில்லை. ஐந்தாம் மாதம் லயத்து வீட்டிலேயே காலமானார்.

## எதை மாற்றுவோம்

மோர்பின் சீட்டு எழுதும்போதே அதே வரியில் பிசகோடில். இதில் விவாதத்துக்கு இடமில்லை. குமட்டலுக்கு முன்கூட்டியே எல்லோருக்கும் மருந்து எழுத மாட்டேன். ஆனால் முதல் வாரத்தில் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

சிறுநீரக வடிகட்டும் வேகத்தைச் சீட்டின் தலையில் பெரிதாக எழுதிவைக்கிறேன், கீழே எழுதும் ஒவ்வொரு மருந்தும் அதைத் தாண்டிப் போகட்டும் என்று. மெட்டோகுளோப்ரமைட் தொடங்கியவரிடம் மறுநாளும் அதற்கடுத்த நாளும் “கால் அமைதியா இருக்கா” என்ற கேள்வி வாட்டுச் சுற்றில் சேர்ந்துவிட்டது. முதலில் சிரித்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இன்னொரு நோயாளியிடம் அந்தக் கேள்விக்கு “இல்லை” என்ற பதில் வந்தது.

இரண்டாவது மருந்து வேலை செய்யாதபோது மூன்றாவதைத் தேடும் முன் கதிரையைத் தேட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. ஐந்தாம் நாள் வெளிநோயாளர் பிரிவில் நானிருந்தாலும் ஒண்டான்செட்ரோனே எழுதியிருப்பேன், கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். அதனால் அந்த வைத்தியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

இப்போது மோர்பினோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கால்தாள் கொடுக்கிறோம். தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அதன் பிரதி போகிறது. சிற்றூழியப் பெண்தான் அதன் தமிழைத் திருத்தினார். நான் எழுதிய “மலச்சிக்கல்” என்பதை அடித்துவிட்டு “வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?” என்று போட்டார். மற்ற கேள்விகள்: “சாப்பிட்டதும் வயிறு முட்டுதா?”, “எழும்பினா, திரும்பினா கிறுகிறுன்னு வருதா?”, “சும்மா இருந்தாலும் குமட்டிக்கிட்டே இருக்கா?”, “கடையில வேற வலிக் குளிசை வாங்கிச் சாப்பிடுறீங்களா?” எதற்கு ஆம் என்கிறார்களோ அதன் பக்கத்தில் புள்ளடி போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம், யார் எந்த மொழியில் பார்த்தாலும் புரியும்.

குளிசை வெட்டும் கருவி இன்னும் கிடைக்கவில்லை. லக்டுலோஸ் பல மாதங்களில் வெளியே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இருபது படியைப் பற்றித் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் பேசியதில் கைபிடிக் கம்பி ஒன்று போடப்பட்டது. அந்தத் தாய் போன பிறகுதான் அது வந்தது.